முப்பத்திரண்டு புத்தகம், முப்பத்தொரு ஆள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பாரிஸ் லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே லூர்து மாதா கோயிலுக்குப் போகிற பஸ் நின்றது. நான் ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். எங்கள் பயண ரிக்கற் கடையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு முன்னால் நின்றீர்கள். கையில் ரெலிபோன், கழுத்தில் அட்டை, எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு உங்களில் ஒருத்தி படியில் ஏறி நின்று, "எல்லாரும் கையைத் தூக்குங்கோ, எண்ணப்போறம்" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு தூக்கினார்கள். நான் மரக்கறிப் பையோடு திரும்பி நடந்துவிட்டேன். "றீற்றா அன்ரி ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறா, கோவமோ?" என்று நீங்கள் கேட்டதாக முதலாளி சொன்னார்.

கோபம் இல்லை. நெஞ்சு பதறிவிட்டது. ஏன் என்று வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட கை இது, மெதுவாகத்தான் போகும். நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

முதலில் கொஞ்சம் பெருமை பேச விடுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கடையிலிருந்து சனத்தைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். லூர்து, உரோமாபுரி, எருசலேம், வேளாங்கண்ணி. சமைக்கத்தான் என்னை முதலில் கூட்டிப்போனார்கள். இரண்டாம் பயணத்திலேயே கூட்டத்தை மேய்ப்பதும் என் வேலையாகிவிட்டது. எந்த ஹோட்டல் குசினியிலும் பாஷை தெரியாமல் உள்ளே போய், அடுப்பில் சோறு வைத்துவிட்டு வெளியே வருவேன். வேதக்காரரும் வருவார்கள், சைவக்காரரும் வருவார்கள், எல்லோருக்கும் என் சோறு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புருசன் பெண்சாதி சண்டை, எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு ஆளையும் தொலைத்ததில்லை. இந்த ஒரு தரம் தவிர.

ஆட்களை எண்ணுவதற்கு எனக்கு என்று ஒரு வழி இருந்தது. மதியச் சோற்றை அலுமினியத் தாளில் பார்சலாகச் சுற்றுவேன். எத்தனை ஆளோ அத்தனை பார்சல், எனக்கும் சேர்த்து. சாப்பிட்டு முடிய பெட்டியைப் பார்ப்பேன். பெட்டி வெறுமை என்றால் எல்லோரும் இருக்கிறார்கள். ஒன்று மிச்சம் என்றால் ஒரு ஆளைத் தேட வேண்டும். நம் சனம் கோயிலை விட்டாலும் சோற்றை விடாது. அதனால் அந்தக் கணக்கு பிழைத்ததே இல்லை.

பெயர்ப் பட்டியல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கடையில் அடித்துத் தருவார்கள். அது பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. தெரியாது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. கண்ணாடியைப் போட்டு, பட்டியலைக் கையில் பிடித்து, தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான். இத்தனை வருடம் அப்படியே போனது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கி என் கறுப்புப் பையில் போட்டு, பையை மார்புக்குக் குறுக்காகக் கட்டிக்கொள்வேன். திரும்பி வரும்வரை பை என்னோடுதான் தூங்கும். "அன்ரியிட்டை குடுத்தால் பாங்கிலை போட்ட மாதிரி" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு நல்ல சந்தோஷம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். எகிப்துக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் மோசே மலைக்குப் போகிற பயணம். வழியில் சூயஸ் கால்வாய், அதற்கு ஒரு மியூசியம். என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர்.

அதில் ஒருவர் சவிரிமுத்து அண்ணை. பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் மகளோடு இருப்பவர். எழுபது தாண்டிய மெலிந்த மனிதர். ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியே காலத்தைக் கழித்தவர். மற்றவர்கள் எல்லோரும் பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்துவிட்டார்கள், அவர் எடுக்கவில்லை. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். நிறமே வேறு. எழுத்துத் தெரியாத நானும் பையைத் திறந்ததும் அவருடையதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

பயணத்துக்கு முன்னால் அவர் மூன்று தரம் கடைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கால்வாயடியிலை பஸ் நிக்குமோ?"

"நிக்கும் அண்ணை. மியூசியமும் காட்டுவினம்."

"மியூசியம் கிடக்கட்டும். தண்ணிக் கரையிலை நிக்குமோ?"

"நிக்கும், நிக்கும்" என்று சொல்லிவிட்டேன். நான் அதற்கு முன் அந்த வழியால் போனதே இல்லை.

வெளிக்கிடும் நாள் அவருடைய மகள் என் கையைப் பிடித்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் இடறும், தகப்பனைப் பிரெஞ்சில் 'பாப்பா' என்பாள். "அன்ரி, பாப்பாவை விடாதேங்கோ. அவர் ஒண்டும் சொல்லாமல் நடப்பார். நான் உங்களை நம்பித்தான் விடுறன்."

"என்ரை கையிலை தந்தாச்செல்லோ, இனிப் பயமில்லை" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்பவும் நாக்குக் கூசுகிறது.

கால்வாய் என்றால் எனக்கு ஜோறேஸ் மெத்ரோவுக்குக் கீழே போகிற கால்வாய்தான் தெரியும். வாத்து நீந்தும், கரையில் பெடியள் பியர் குடிப்பார்கள். இதுவும் அப்படி ஒன்று, கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். பஸ் மணலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. எங்கும் தண்ணீரைக் காணவில்லை. திடீரென்று மணல் மேட்டுக்கு மேலே ஒரு கப்பல் போனது. பெட்டி பெட்டியாக, மாடிக்கு மேல் மாடியாக அடுக்கி, ஒரு ஊரே எழும்பி நடக்கிற மாதிரி. தண்ணீர் இல்லை, சத்தம் இல்லை, வெறும் மணலில் கப்பல் போகிறது. நான் சிலுவை போட்டுவிட்டேன்.

வில்லியே லே பெல் என்ற ஊரில் இருக்கிற யோகன் எனக்குப் பின் இருக்கையில் இருந்தான். நாற்பது வயது, நல்ல தீன்காரன், வாய் ஓயாது. "அன்ரி, கப்பலுக்கு ரயர் பூட்டி விட்டிருக்கிறாங்களோ?" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. பின் வரிசையில் தனியாக இருந்த சவிரிமுத்து அண்ணை சிரிக்கவில்லை. எழுந்து கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்து, அந்தக் கப்பல் மறையும்வரை நின்றார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

மியூசியம் இஸ்மாயிலியா என்ற ஊரில். கால்வாயை வெட்டிய கொம்பனி இருந்த பழைய கட்டடம் என்றார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் நாடியா என்ற எகிப்துப் பெண், என் மகள் வயது இருக்கும், நல்ல பிரெஞ்சு பேசுவாள். பெரிய மனிதர்களின் படங்கள், அரசி வந்த படம், தங்கச் சரிகை வைத்த சட்டை, கப்பல் பொம்மைகள். நம் சனம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்தது.

ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் என் கால் நின்றுவிட்டது. மண் வெட்டுகிறவர்கள். தோளில் கூடை, இடுப்பில் ஒரு துண்டு, வரிசை வரிசையாக எறும்பு மாதிரி. இயந்திரம் வருமுன் கையாலும் கூடையாலும்தான் வெட்டினார்கள் என்றாள் நாடியா. பிடித்துக்கொண்டு வந்து வெட்ட வைத்தார்களாம். நிறையப் பேர் செத்தார்களாம். ஒரு தொகை சொன்னாள், பெரிய தொகை, அது என் தலைக்குள் நிற்கவில்லை.

நான் யோகனிடம், "கேள், செத்தவையின்ரை பேர் எங்கையாவது எழுதியிருக்கோ எண்டு" என்றேன்.

அவன் கேட்டான். நாடியா தோளைக் குலுக்கினாள். "எண்ணித்தான் இருக்கிறாங்களாம் அன்ரி. பேர் எழுதேல்லையாம்" என்றான் யோகன்.

நான் கோபப்பட்டேன் பிள்ளைகள். "சீ, இதென்ன மனிசர். ஆக்களை மூட்டை எண்ணிற மாதிரி எண்ணினவங்களோ!" என்று அந்தக் கூடத்துக்கே கேட்க ஏசினேன். பட்டியல் வாசிக்கத் தெரியாமல் பார்சலை எண்ணுகிற நான்.

நேரமாகிவிட்டது என்று முதலில் வெளியே வந்து, முற்றத்து மர நிழலில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்தேன். சோறு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, இடித்த சம்பல், முட்டை. எனக்கு அடுத்து வெளியே வந்தவர்கள் யோகனும் சவிரிமுத்து அண்ணையும். அண்ணை ஒரு பார்சலை எடுத்தார். நான் வாளியில் கை கழுவத் திரும்பினேன். நிமிர்ந்தபோது அவர் வாசற் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். என் கண்ணைக் கண்டதும், "நான் வாறன் தங்கச்சி" என்றார்.

எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெடும். சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம். கடையிலும் வீட்டிலும் நான் அப்படிக் கேட்டதில்லை, கேட்டவர்களுக்கு ஏச்சுத்தான் விழுந்திருக்கிறது. புகைக்கப் போகிறார், இல்லாவிட்டால் சலம் கழிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை" என்றேன்.

சனம் வந்தது, சாப்பிட்டது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெறுமை. "சரி, எல்லாரும் ஏறுங்கோ" என்றேன். ஐம்பது பேர் இருக்கக்கூடிய பஸ். ஆட்கள் காலை நீட்டி அங்கங்கே படுத்தார்கள். றைவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். பஸ் வெளிக்கிட்டது.

அரை மணி நேரம் போயிருக்கும். கால்வாய்க்குக் கீழால் ஒரு சுரங்கப் பாதை போகிறது, அதற்குள் போனால்தான் மோசே மலைப் பக்கம் ஏறலாம். அதற்கு முன்னால் ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. அதிகாரி ஒருவர் ஏறினார், மீசை நரைத்த அமைதியான மனிதர். நாடியா சொல்ல, நான் கறுப்புப் பையைத் திறந்து பாஸ்போட் கட்டைக் கொடுத்தேன். அவர் புத்தகத்தை எண்ணினார். பிறகு பஸ்ஸின் முன்னுக்கிருந்து பின்னுக்கு நடந்து தலையை எண்ணினார். திரும்பி நடந்து இன்னொரு தரம் எண்ணினார். நாடியாவிடம் ஏதோ சொன்னார். நாடியாவின் முகம் மாறியது.

"மதாம் றீற்றா, புத்தகம் முப்பத்திரண்டு. ஆட்கள் முப்பத்தொன்று."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "அப்பிடி இருக்காது. பார்சல் முடிஞ்சுது" என்றேன். தமிழில் சொன்னேன், அவளுக்கு எப்படி விளங்கும்? பிறகு பாஸ்போட் கட்டின் மேலே கிடந்த அந்த வேறு நிறப் புத்தகத்தைக் கண்டேன்.

யோகன் அவருடைய ரெலிபோனுக்கு அடித்தான். பஸ்ஸுக்குள்ளேயே மணி கேட்டது. பின் வரிசையில், அவருடைய தோள்பைக்குள் இருந்து. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

"யோகன், அவரின்ரை பார்சலை ஆர் திண்டது?"

அவன் வெளிறிப்போனான். "அன்ரி, எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு தம்பி எண்டு அவர்தான் தந்தவர். நான் ரெண்டு திண்டனான். கேட்டு வாங்கேல்லை அன்ரி, சத்தியமா அவராய்த் தந்தவர்."

உடம்பு குளிர்ந்தது என்று சொல்வார்கள். அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. ஆளைத் தொலைத்ததற்கு மட்டும் இல்லை. நாங்கள் எங்கிருந்து வந்த சனம் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் பார்க்காவிட்டாலும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அடையாள அட்டை இல்லாமல் ஒரு சாவடியில் நிற்பது என்றால் என்ன என்று எங்களுக்குத்தான் தெரியும். மேல்சட்டைப் பொக்கற்றைத் தொட்டுப் பார்க்காமல் படலை தாண்டாத சனம் நாங்கள். அப்படிப்பட்ட ஒரு மனிதரை, ஆமிக்காரர் காவல் நிற்கிற ஒரு கால்வாய்க் கரையில், பாஷை தெரியாத ஊரில், ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கடதாசியை அவரிடமிருந்து வாங்கினது ஆமி இல்லை. நான்.

அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் என் மனதில் என்ன வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் வரும். பொய் சொல்லலாம் என்று வந்தது. அவருக்குச் சுகமில்லை, ஊருக்குள் நிற்கச் சொல்லிவிட்டு வந்தோம் என்று சொன்னால் என் பெயர் கெடாது. நாடியா அந்த மாதிரியே ஒரு வழி காட்டினாள். "நாங்கள் போவோம் மதாம், நான் போன் பண்ணித் தேட ஆள் அனுப்புகிறேன்" என்றாள். பஸ்ஸிலும் இரண்டு மூன்று பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

"நாடியா, சொல்லு அவருக்கு" என்றேன் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "நான் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பிழை என்னுடையது. திரும்பிப் போக வேண்டும்."

பஸ்ஸைத் திருப்ப முடியாது, வரிசையில் பின்னால் வாகனம் நிறைந்துவிட்டது என்றார் அதிகாரி. பஸ் ஓரமாக நிற்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் போய்க் கூட்டி வாருங்கள் என்றார். அவர் திருப்பித் தந்த பாஸ்போட் கட்டைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் போட்டு நான் இறங்கக் கால் வைத்தேன். அப்போது முன் இருக்கையிலிருந்த ஒரு அம்மா எழும்பினா. வாழ்க்கையில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவ.

"அன்ரி, அந்தப் பையோடையோ போறியள்? எங்களை ஆமிக்காரனுக்கு முன்னாலை வெறுங்கையோடை விட்டிட்டுப் போறியளோ?"

அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆளுக்குச் செய்ததை இன்னும் முப்பது பேருக்குச் செய்யப் பார்த்தேன்.

பஸ் நடுவில் நின்று ஒவ்வொரு புத்தகமாகத் திறந்தேன். எழுத்தை வாசிக்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். படத்தைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது, கையில் வைப்பது. பெயரைச் சொல்லிச் சொல்லி வைத்தேன். மூன்று பேருடைய பெயர் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஐந்து நாளாக என் கையால் சோறு தின்ற ஆட்கள். "உங்கடை பேர் என்ன?" என்று கேட்டேன். யோகன் தன் புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அன்ரி, அவர் கிடைப்பார். நீங்கள் அழாதேங்கோ" என்றான். நான் அழுதுகொண்டிருந்ததே அவன் சொல்லித்தான் தெரியும்.

அந்த அதிகாரி றோட்டில் போன ஒரு சின்ன லொறியை மறித்துத் தந்தார். வெறும் மாம்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற லொறி. நாடியாவும் நானும் றைவரோடு நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஒரே ஒரு புத்தகம் என் கையில்.

மியூசியத்தில் அவர் இல்லை. வாசற் காவற்காரன் கையைக் காட்டினான், கால்வாய்ப் பக்கம். அந்தக் கிழவர் நடந்தேதான் போயிருக்கிறார். லொறிக்காரன் பாவம், எங்களை இறக்கி விடாமல் அந்தப் பக்கம் ஓட்டினான். கரைக்குப் போகிற பாதையில் ஒரு காவலறை, அதன் நிழலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் சவிரிமுத்து அண்ணை இருந்தார்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருந்தார்.

துப்பாக்கி ஒருவரும் நீட்டவில்லை. இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். ஒருவனின் கையில் தேத்தண்ணிக் கிளாஸ். அதை அவருக்கு நீட்டிக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நாடியாவைக் கண்டதும் அவன் படபடவென்று முறையிட்டான். அவள் எனக்குச் சொன்னாள்: "கடதாசி எங்கே என்றுதான் கேட்டார்களாம். உடனே கையைத் தூக்கினாராம். இறக்கு, இறக்கு என்று எத்தனை தரம் சொல்லியும் இறக்கவில்லையாம். ஒரு மணி நேரமாக இப்படியே இருக்கிறாராம். தண்ணீரும் குடிக்கவில்லையாம்."

மெலிந்த கை, கோப்பை கழுவிக் கழுவி வெளுத்த கை. சரிய வரும், உடனே திரும்ப உயர்த்துவார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை.

பிள்ளைகள், நான் சண்டை பார்த்தவள். செத்த ஆட்களைத் தாண்டி நடந்து வந்தவள். அந்தக் கையைப் பார்த்தபோது விழுந்த இடி எனக்கு வேறு எங்கேயும் விழவில்லை. அவர் பாரிசுக்கு வந்து எத்தனையோ வருடம். அந்தக் கை இன்னும் எங்கேயோ ஒரு சாவடியில்தான் நிற்கிறது.

நான் கிட்டப் போய்க் குனிந்தேன். "அண்ணை, றீற்றா வந்திருக்கிறன். இந்தாங்கோ உங்கடை புத்தகம்." அவருடைய சட்டைப் பொக்கற்றுக்குள் அதை வைத்து, மேலால் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அது அங்கே இருக்கிறது என்று அவருடைய நெஞ்சுக்குத் தெரியட்டும் என்று. பிறகு ஒரு கை இறங்கி வந்து பொக்கற்றைத் தொட்டது. அதன் பிறகுதான் மற்றக் கை இறங்கியது.

ஆமிக்காரன் தேத்தண்ணியை என்னிடம் தந்தான். நான் ஊட்டினேன்.

"ஏன் அண்ணை சொல்லாமல் போனனீங்கள்?"

"நீர் கேக்கேல்லையே."

"வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கக் கூடாது எண்டு கேக்கேல்லை."

"நானும் அதுக்குத்தான் ஆரும் கேக்க முந்தி நடந்தனான்" என்றார். பிறகு, "பார்சல் முழுக்க அந்தப் பெடியன் திண்டிட்டானோ?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது.

கரையில் அவருக்கு என்ன வேலை என்பதை லொறிக்குள் வைத்துச் சொன்னார். ஊரை விட்டு ஓடிய காலத்தில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி இந்தக் கால்வாய்க்குள்ளால்தான் ஐரோப்பாவுக்கு வந்தாராம். கடதாசி இல்லாத ஆள் என்று கீழே, இயந்திர அறைக்குள் வைத்திருந்தார்கள். "சூயஸ், சூயஸ் எண்டு மேலை கத்திக் கேக்குது. என்னை ஏற விடேல்லை. ஒரு நாள் முழுக்க இரும்புச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அந்தச் சுவருக்கு அங்காலை என்ன கிடந்தது எண்டு ஒருக்காப் பாப்பம் எண்டுதான் வந்தனான்."

"பாத்தனீங்களோ?"

"கரைக்குப் போக முந்திப் பிடிச்சிட்டாங்கள்."

நாடியாவிடம் சொன்னேன். அவள் லொறியை நிற்பாட்டச் சொல்லி, இறங்கித் திரும்பவும் அந்தக் காவலறைக்கு ஓடினாள். என்ன பேசினாளோ தெரியாது. தேத்தண்ணி தந்தவன் எங்களோடு கூடவே நடந்து வந்தான். கரையில் பத்து நிமிடம் நிற்க விட்டான். எங்களுக்கு முன்னால் ஒரு கப்பல் போனது, நிமிர்ந்து பார்க்கக் கழுத்து நோகிற உயரம். அண்ணை மேலே பார்க்கவில்லை. தண்ணீரோடு ஒட்டின கீழ் இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை பொக்கற்றில்.

நாங்கள் திரும்பிப் போனபோது பஸ்ஸில் ஒருவரும் முறுமுறுக்கவில்லை. யோகன் தன்னுடைய இரவுப் பார்சலை இப்போதே தருகிறேன் என்று நின்றான். சுரங்கப் பாதைக்குள் பஸ் இறங்கியபோது சவிரிமுத்து அண்ணை, "இந்த முறையும் அடியாலைதான் போறன்" என்றார். அவர் சிரித்ததை அந்தப் பயணத்தில் அப்போதுதான் கண்டேன்.

பாரிசுக்கு வந்ததும் அவருடைய மகளிடம் நானே போய்ச் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவள் என்னை ஏசவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாப்பா வீட்டிலையும் கதவு மணி அடிச்சால் எழும்பி நிப்பார் அன்ரி" என்றாள். அதைவிட ஏசியிருக்கலாம்.

முதலாளியிடம் எனக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாது என்று அன்றைக்குத்தான் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு நான் போன பயணங்களில் ஒருவருடைய பாஸ்போட்டையும் வாங்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் என் கையால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பஸ் நகருமுன் கூப்பிட்டேன். வெளிக்கிடுகிறவர்களிடம் வாய் கூசாமல், "எங்கை போறியள், எப்ப வருவியள்?" என்று கேட்டேன். ஒருவருடைய காரியமும் கெடவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உங்களுடைய லூர்து பஸ்ஸில் மூன்றாவது யன்னலோரம், சாம்பல் தொப்பி போட்ட ஒரு ஐயா இருந்தார். நீங்கள் எண்ணியபோது உங்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும். ஆட்களை நீங்கள் பார்க்கவில்லை, எண்ணுகிற உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டு போனீர்கள். நான் றோட்டில் நின்று கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன்.

பெயரைக் கூப்பிடுங்கள் பிள்ளைகள். "ஓம்" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு கைதான் கேட்டீர்கள். எல்லோரும் ஒன்றைத் தூக்கினார்கள். அந்தச் சாம்பல் தொப்பிக்காரர், சவிரிமுத்து அண்ணை, இரண்டையும் தூக்கினார்.